பேசியவர்கள் பட்டியல்: சர்வாதிகாரப் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

டீச்சர் இல்லாத நேரத்தில் லீடர் கரும்பலகையில் பெயர் எழுதுவது தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மேலே 'பேசியவர்கள்' என்று தலைப்பு, கீழே வரிசையாகப் பெயர்கள். எழுதிய பிறகும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அதற்கும் அடங்காவிட்டால் 'மிக அதிகம்'.

ஏற்காடு அடிவாரத்தை ஒட்டிய ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தபோது, இப்படியொரு பட்டியலைப் பார்த்து ஒரு பையனை பீரியட் முழுக்க வெளியே நிற்க வைத்தேன். அவன் பெயருக்குப் பக்கத்தில் மூன்று பெருக்கல் குறி. இடைவேளையில்தான் தெரிந்தது, பட்டியல் எழுதிய நேரத்தில் அவன் வகுப்பிலேயே இல்லை. தலைவலி என்று ஆபீஸ் ரூம் பெஞ்சில் படுத்திருந்திருக்கிறான். "ஏன்டா சொல்லலை?" என்றேன். "நீங்க கேக்கலையே டீச்சர்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னான்.

அந்த வாரம் நடத்த வேண்டியிருந்தது அரசாங்க வகைகள் பற்றிய பாடம். முடியாட்சி, தனிநபர் ஆட்சி, மக்களாட்சி என்று வரையறைகளை எழுதிப்போட்டு, அடிக்கோடு போடச் சொல்லி, இரண்டு மார்க் கேள்விக்குத் தயார் செய்துவிட்டு நகர்வதுதான் வழக்கம். இந்த முறை புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, முந்தின நாள் பட்டியலைப் பலகையில் மறுபடி எழுதினேன். இது எப்படி நடக்கிறது என்று சொல்லுங்கள் என்றேன்.

முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் நிறுத்த முடியவில்லை. லீடருடைய தோழிகள் பெயர் பலகைக்கு வராது. முந்தின நாள் சண்டை போட்டவள் பெயர் முதலில் வரும். கொய்யாக்காயில் பாதி கொடுத்தால் பெயர் அழியும். இதெல்லாம் எனக்கும் தெரிந்ததுதான், நானும் ஒரு காலத்தில் கொய்யாக்காய் கொடுத்தவள்தான். தெரியாதது ஒன்றை ஒரு பெண் சொன்னாள்: "நான் பேசலைன்னு சொன்னா, அதையே பேசினதா வெச்சு ஒரு பெருக்கல் போட்டுருவா."

எதிர்த்துக் கேட்பதே குற்றத்தில் சேர்ந்துவிடுகிறது, பாருங்கள். எந்த நாட்டுச் சர்வாதிகாரத்தைப் புரட்டினாலும் இந்த விதி ஏதாவது ஒரு பெயரில் கிடைக்கும். என் வகுப்பில் அது சாக்பீஸில் இருந்தது.

இதற்குள் லீடர் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே அவள் சொன்னதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த பாடம். "யாருமே பேசலைன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க டீச்சர். 'ஏன் எழுதலை'ன்னு என்னையத்தான் திட்டுவீங்க. அதான் தினமும் நாலு பேராவது எழுதிருவேன்."

சரி, அந்த நாலு பேர் எங்கிருந்து வந்தார்கள்? மேலே இருப்பவருக்குப் பயந்து கீழே இருப்பவர் கணக்குக் காட்டுகிறார். அந்தக் கணக்கை மேலே இருப்பவர் உண்மை என்று நம்பித் தண்டிக்கிறார். நடுவில் ஆபீஸ் ரூமில் படுத்திருந்தவன் வெயிலில் நிற்கிறான். கொடியவர் என்று காட்ட இந்தக் கதையில் ஒருவரும் இல்லை. சர்வாதிகாரத்தைச் சொல்லித் தரும்போது நாம் பெரும்பாலும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். ஒரு கெட்ட மனிதரின் கதையாகவே சொல்லி முடித்துவிடுகிறோம்.

இதே 'நாலு பேர்' கணக்கு பெரிய அளவில் நடந்த இடம் சீனா. 1958இல் மாவோ 'பெரும் பாய்ச்சல்' திட்டத்தைத் தொடங்கினார். விளைச்சல் கூடியே தீர வேண்டும் என்பது கட்டளை. குறைவாகச் சொன்னவர் துரோகி ஆவார் என்பதால் அதிகாரிகள் நெல்லைக் காகிதத்தில் விளைவித்தார்கள். காகிதத்தில் விளைந்ததற்குத் தகுந்தபடி நிஜமான தானியம் கிராமங்களிலிருந்து வாரிக்கொண்டு போகப்பட்டது. 1959இல் லூஷானில் நடந்த கட்சிக் கூட்டத்தின்போது பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய், நிலைமை சரியில்லை என்று மாவோவுக்குக் கடிதம் எழுதினார். அவர் பதவி போனது. அதைப் பார்த்த பிறகு இரண்டாவது கடிதம் எழுத யாருக்குத் துணிச்சல் வரும்? 1961 வரை நீடித்த பஞ்சத்தில் செத்தவர்கள் குறைந்த மதிப்பீட்டிலேயே ஒன்றரைக் கோடி. மூன்று கோடி, நாலு கோடி என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு. சுதந்திரமான பத்திரிகைகளும் தேர்தலும் இருக்கிற நாட்டில் இப்படியொரு பெரும் பஞ்சம் வந்ததில்லை என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் சுட்டிக்காட்டுவது இதனால்தான். இடித்துச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் ஆட்சி செய்பவருக்கே ஊர் நிலவரம் தெரியாமல் போய்விடுகிறது.

மறுபடி வகுப்புக்கு வருகிறேன். பட்டியலே வேண்டாம் என்றார்கள் பாதிப் பேர். அப்படியானால் சத்தத்தை என்ன செய்வது என்று கேட்டதும் பேச்சு விதிகள் பக்கம் திரும்பியது. லீடர் வாரம் ஒருவராக மாற வேண்டும். பெயர் எழுதினால் பக்கத்தில் காரணமும் எழுத வேண்டும். எழுதியவர் தன் இஷ்டத்துக்கு அழிக்கக் கூடாது. பெயர் வந்தவரிடம் கேட்காமல் தண்டனை கிடையாது.

வாழப்பாடிப் பக்கத்திலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கும் பையன் ஒருவன், எழுதுகிறவரே தண்டிக்கவும் கூடாது என்றான். ஏன் என்றதற்கு மரவள்ளிக்கிழங்கை உதாரணம் சொன்னான். எங்கள் மாவட்டத்தில் கிழங்குக்கு விலை 'பாயிண்ட்' கணக்கில்தான். கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து என்று பார்த்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். பாயிண்ட் பார்ப்பது பெரும்பாலும் கிழங்கை வாங்கி ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையில். "அளக்கறவங்களே வாங்கறவங்களா இருந்தா பாயிண்ட் எப்படி டீச்சர் ஏறும்? எங்கப்பா லோடு ஏத்திட்டுப் போறப்பல்லாம் இதைத்தான் சொல்வாரு." அதிகாரப் பிரிவினை என்ற சொல்லை நான் அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதினேன். சட்டம் இயற்றுபவர், அதை நடத்துபவர், தீர்ப்புச் சொல்பவர் மூவரும் ஏன் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று அதன் பிறகு விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

பத்தாம் வகுப்பில் ஹிட்லர் வருகிறார். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே வரும் பாடம். பிள்ளைகள் மனதில் தங்குவது மீசையும் விறைப்பாக நீட்டிய கையும். நான் அவர்களிடம் கேட்பது தேதிகளை. 1933 ஜனவரி 30இல் ஹிட்லர் பிரதமராகிறார். யாரையும் சுட்டுவிட்டு வரவில்லை, குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் முறைப்படி நியமித்தார். ஹிட்லரையும் சேர்த்து அமைச்சரவையில் நாஜிகள் மூன்றே பேர். சுற்றி அனுபவசாலிகள் இருக்கிறார்கள், ஆளை அடக்கி வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்தது. மறுநாளே ஓர் அவசர ஆணை வந்து பேச்சு, பத்திரிகை, கூட்டம், கடிதத்தின் ரகசியம் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தது. தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். ஹிட்லர் ஆட்சி முடியும்வரை அது விலக்கப்படவே இல்லை. மார்ச் 5 தேர்தலில், இத்தனை மிரட்டலுக்குப் பிறகும் அவர் கட்சிக்குக் கிடைத்தது 43.9 சதவீதம்.

மார்ச் 23 அன்று, நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அமைச்சரவையே சட்டம் இயற்றலாம் என்ற சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. எரிந்த கட்டடத்துக்குப் பதிலாக ஓர் ஓபரா அரங்கில் கூட்டம். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் 81 பேரில் ஒருவர்கூட அங்கே இல்லை, சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தார்கள். உள்ளே சீருடை போட்ட நாஜித் தொண்டர்கள் சுவரோரமாக நின்றார்கள். ஆதரவாக 444, எதிராக 94. எதிர்த்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள். நியமனத்திலிருந்து இந்த வாக்கெடுப்பு வரை 52 நாள். நம் காலாண்டுத் தேர்வுக்கும் அரையாண்டுத் தேர்வுக்கும் நடுவில் இதைவிட அதிக நாள் இருக்கும். இதைச் சொன்னதும் பிள்ளைகள் விரல் விட்டு எண்ண ஆரம்பிப்பார்கள். மற்ற 444 பேர் ஏன் கை தூக்கினார்கள் என்று கேட்பேன். வருகிற பதில்களில் பாதி, கரும்பலகைப் பட்டியலைப் பற்றி அவர்கள் சொன்ன அதே பதில்கள்தான்.

ஒவ்வொரு வருடமும் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "நல்ல சர்வாதிகாரியா இருந்தா என்ன டீச்சர்?" இது அவர்கள் கேள்வி இல்லை. டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் பெரியவர்கள் சொல்வதுதான்: மிலிட்டரி ஆட்சி வரணும், ஒரு ஹிட்லர் வந்தாத்தான் உருப்படும், எமர்ஜென்சியில் ரயில் நேரத்துக்கு வந்தது. இதைக் கேட்கிற பிள்ளையை அதட்டிவிட்டால் பாடம் அங்கேயே முடிந்துவிடும். அதனால் அந்த ரயிலிலேயே ஏறிவிடுவது நல்லது.

1975 ஜூன் 25 நள்ளிரவுக்குச் சற்று முன் எமர்ஜென்சி, அதாவது நெருக்கடி நிலை, அறிவிக்கப்பட்டது. 1977 மார்ச் 21 வரை நீடித்தது. அலுவலகங்களுக்கு ஆட்கள் நேரத்துக்கு வந்தார்கள், உண்மைதான். அதே காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இலக்கு நிர்ணயித்தார்கள். 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவை சிகிச்சைகள் நடந்தன. உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் ஆள் பிடித்துக்கொண்டு வராத ஆசிரியர்களுக்குச் சம்பளம் நிறுத்தப்பட்டது. ஆசிரியை என்பதால் இந்த இடத்தில் எனக்கே கொஞ்சம் தொண்டை அடைக்கும். அந்த வாத்தியார்களும் 'தினமும் நாலு பேராவது' எழுதியவர்கள்தான்.

தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. விசாரணை இல்லாமல் அடைக்க வழிசெய்த மிசா சட்டத்தில் பிடிக்கப்பட்டவர்கள் சென்னை மத்திய சிறையில் அடிக்கப்பட்டார்கள். அதில் காயமடைந்த சிட்டிபாபு எம்.பி. அடுத்த ஆண்டு இறந்தார். நீதிபதி இஸ்மாயில் ஆணையம் பிறகு இதை விசாரித்தது. ஆனால் வகுப்பில் நான் நின்று நிதானமாகச் சொல்வது உச்ச நீதிமன்றத்தில் நடந்த ஒரு கேள்வி பதிலை. விசாரணை இல்லாமல் அடைக்கப்பட்டவர், தன்னை அடைத்தது சரியா என்று நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்லும் ஆட்கொணர்வு மனு போடலாமா என்பது வழக்கு. ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால் என்ன செய்வது என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை நீதிமன்றத்தில் அதற்கு வழியில்லை என்றார் அரசின் தலைமை வழக்கறிஞர். 1976 ஏப்ரல் 28 அன்று ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா மட்டும் மறுத்தார். அடுத்த ஜனவரியில் அவரைத் தாண்டி இளையவர் ஒருவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார், கன்னா ராஜினாமா செய்தார். அந்த நால்வரின் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே 2017இல் சொன்னது. நாற்பது வருடம் தாண்டி.

நல்லவரா கெட்டவரா என்ற கேள்விக்கு என் பதில் இந்த வழக்கில்தான் இருக்கிறது. ஆள் நல்லவராகவே இருக்கட்டும். தப்பாக ஒருவன் வெயிலில் நின்றால் அவன் போய்ச் சொல்ல ஓர் இடம் திறந்திருக்கிறதா? நல்லவர் என்பதற்காக அந்த இடத்தைப் பூட்டிவிட்டால், அடுத்து வருகிறவரிடம் சாவியைக் கேட்டு வாங்க முடியாது. அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கு இட்டுச்செல்லும் பாதை என்று அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்ததும் நல்லவர்களை, பெரியவர்களை மனதில் வைத்துத்தான். கெட்டவருக்கு யார் பக்தராகப் போகிறார்கள்?

இவ்வளவும் பெர்லின், பெய்ஜிங், டெல்லி. பிள்ளைகள் தினமும் டவுனுக்குப் போகிற பஸ் கோரிமேடு தாண்டி அஸ்தம்பட்டி வழியாகப் போகிறது. அங்கே சேலம் மத்திய சிறை இருக்கிறது. அரசியலமைப்புச் சட்டம் 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. பதினாறே நாளில், பிப்ரவரி 11 அன்று, இந்தச் சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த மலபாரைச் சேர்ந்தவர்கள். சேலத்துப் பிள்ளைகளுக்கு ஜாலியன்வாலாபாக் தேதி தெரியும், இந்தத் தேதி தெரியாது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எனக்கே வேலைக்கு வந்து பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் குடிமையியல் பாடத்துக்கு வேண்டியது. மார்ச் 1 அன்று சென்னை அரசு, கடுமையாக விமர்சித்து எழுதிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற பம்பாய் வார இதழ் மாகாணத்துக்குள் நுழையவே தடை போட்டது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். மே 26 அன்று தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. புது அரசியலமைப்பின் கீழ் பேச்சுரிமையைக் காத்த முதல் தீர்ப்புகளில் ஒன்று அது. தீர்ப்பு பிடிக்காத மத்திய அரசு என்ன செய்தது? 1951இல் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து, பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் 'பொது ஒழுங்கு' என்பதையும் சேர்த்தது. அப்போது ஆட்சியில் இருந்தவர் நேரு. அவரைச் சர்வாதிகாரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. சர்வாதிகாரி இல்லாத அரசுக்கும், தன்னை மறிக்கிற கதவின்மேல் கண் இருக்கும் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொண்டால் போதும்.

நம் ஊரில் இதற்கு எதிர்க்கதையும் உண்டு. 1882இல் சேலத்தில் நடந்த கலவரத்தைத் தூண்டினார் என்று சி. விஜயராகவாச்சாரியாருக்கு ஆங்கில அரசு சிறைத் தண்டனை வாங்கிக் கொடுத்தது. அவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்து விடுதலையானார். பின்னாளில், 1920இல், காங்கிரஸ் தலைவராகவும் ஆனார். அந்நிய ஆட்சியிலும் ஒரு கதவு திறந்திருந்ததால் தப்பினார். 1950இல் சிறைக்குள் இருந்த 22 பேருக்கு மனு எழுதக்கூட நேரமில்லை.

நெருக்கடி நிலைக்குப் பிறகு சில தாழ்ப்பாள்களைச் சரிசெய்தார்கள். 1978இல் வந்த 44ஆவது திருத்தத்தின்படி, 'உள்நாட்டுக் குழப்பம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி நெருக்கடி நிலை கொண்டுவர முடியாது, ஆயுதக் கிளர்ச்சி இருக்க வேண்டும். அமைச்சரவை எழுத்தில் பரிந்துரைக்க வேண்டும். உயிர் வாழும் உரிமையை எந்த நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது. எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. சேலம் பேப்பரைப் பிரித்தால் 'வாலிபர் மீது குண்டாஸ் பாய்ந்தது' என்று வாரம் ஒரு செய்தியாவது இருக்கும். அந்த 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி விசாரணை இல்லாமலே ஒருவரை ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். ஆணையில் கையெழுத்துப் போடுவது நகரத்தில் போலீஸ் கமிஷனர், மாவட்டத்தில் கலெக்டர். நீதிபதி அல்ல. உள்ளே வைத்தது சரியா என்று அறிவுரைக் கழகம் பார்க்க வேண்டும், உயர் நீதிமன்றம் போகலாம், அந்தக் கதவுகள் இருக்கின்றன. ஆனால் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு "நல்லா வேணும்" என்று பேப்பரை மடிக்கிற நாமும் பெருக்கல் குறியை மட்டும் பார்த்தவர்கள்தான். யாரிடமும் கேட்கவில்லை.

சர்வாதிகாரத்தை நடித்தே காட்டிவிடலாம் என்று ஒரு யோசனை உண்டு. 1967இல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் ரான் ஜோன்ஸ் என்ற பள்ளி ஆசிரியர் அப்படிச் செய்தார். ஜெர்மானியர்கள் எப்படி இதற்கு உடன்பட்டார்கள் என்று மாணவர்கள் கேட்க, முன்னறிவிப்பு இல்லாமல் வகுப்பையே ஓர் இயக்கமாக்கினார். நேராக உட்காரச் சொன்னார், சல்யூட் சொல்லிக் கொடுத்தார், உறுப்பினர் அட்டை கொடுத்தார். சில நாட்களிலேயே மற்ற வகுப்புப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள், ஒருவரை ஒருவர் போட்டுக்கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் அவரே பயந்துபோய் நிறுத்தினார். பயிற்சி வகுப்புகளில் இதைப் புகழ்ந்து சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒப்பவில்லை. பிள்ளைகளை ஏமாற்றிவிட்டு, ஏமாந்தீர்களே என்று காட்டுவது என்ன பாடம்? அதோடு, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நேராக உட்காருவது புதுசாக இருந்திருக்கலாம். இங்கே ஒன்றாம் வகுப்பிலேயே கையைக் கட்டு, வாயைப் பொத்து என்று ஆரம்பித்துவிடுகிறோம். மேலே காப்பித் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு, துரை எதிரில் வந்தால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்ற தாத்தாக்களின் கதை வீட்டிலேயே இருக்கிறது. கீழ்ப்படிவது எப்படி இருக்கும் என்று இவர்களுக்கு நான் நடித்துக் காட்ட வேண்டியதில்லை. பழக்கம் இல்லாதது, "கணக்கைக் காட்டுங்கள்" என்று கேட்பது. பழக்க வேண்டியதும் அதுதான்.

அப்படிப் பழக்குவதில் டீச்சருக்கு ஒரு சங்கடம் உண்டு. விதிகளை சார்ட்டில் எழுதி ஒட்டி முடித்த அன்று, அழுத அந்த லீடர் பெண்ணே எழுந்து நின்றாள். "எங்களுக்கு ரூல் போட்டாச்சு டீச்சர். உங்களுக்கு?"

வகுப்பு கப்சிப். பிள்ளைகளை அடிக்கவோ மனம் நோகும்படி நடத்தவோ கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு சொல்கிறது என்றேன். அது டெல்லியில் போட்டது, இங்கே என்ன என்று முகத்திலேயே கேட்டாள். கடைசியில் சார்ட்டின் அடியில் ஒரு வரி சேர்ந்தது: 'டீச்சரும் கேட்காமல் வெளியே அனுப்பக் கூடாது.' எழுதியது அவள், கையெழுத்து என்னுடையது.

மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. மதியம் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட், நல்ல வெயில், பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு. அதே பையனைப் பார்த்து "வெளிய போடா" என்று சொல்லிவிட்டேன். அவன் எழுந்தான். ஆனால் நகரவில்லை. "டீச்சர், கேக்கலை" என்றான். ஒரு நிமிடம் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. வகுப்பே சார்ட்டைப் பார்த்தது, அப்புறம் என்னைப் பார்த்தது.

"சரி, நீதான் சிரிச்சியா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, அவனே வெளியே போய் நின்றான்.